சம்ப் ரிட்டர்ன் குழாயில் தண்ணீர் பின்னோக்கி இறங்காமல் இருக்க: குன்னூர் நண்பரின் கேள்விக்கு ஒரு பதில்

மழை இரவில் மின்சாரம் போனதும், மீன்தொட்டிக்குக் கீழே நீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்புவதற்காக வைத்திருக்கும் சம்ப் என்ற சிறு தொட்டி நிரம்பி வழிந்து, பழைய வீட்டின் மரத்தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் கொட்டிவிட்டது என்றும், சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயில், நீரை ஒரு திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு ஒன்று போட்டால் போதுமா அல்லது இரண்டு போட வேண்டுமா என்றும் குன்னூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவர் தந்திருக்கும் அளவுகளின்படி மேல் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்டது. கீழே கேபினெட்டுக்குள் 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரத்தில் சம்ப் இருக்கிறது. அதை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடி 22 செ.மீ. உயரம், பம்ப் இருக்கும் கடைசி அறை 20 செ.மீ. நீளம், அதில் ஓடும்போது நிற்கும் நீர் 18 செ.மீ. மேலே ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே இருக்கிறது. கேள்வி வால்வின் எண்ணிக்கையைப் பற்றியது போலத் தோன்றினாலும், அவர் உண்மையில் அறிய வேண்டியது, பம்ப் நின்றபின் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்கும், அதைத் தாங்கக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான். நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வீடுகளிலும் பம்ப், குழாய் வேலை பார்த்துப் பிழைத்தவன் என்ற முறையிலும், மீன்தொட்டி வளர்ப்பவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பம்ப் ஓடும்வரை ரிட்டர்ன் குழாய் முழுவதும் தண்ணீரால் நிறைந்திருக்கிறது. மின்சாரம் நின்றதும் அந்தத் தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கத் தொடங்கும். மீன்தொட்டிகளில் நாம் பயன்படுத்தும் பம்புகள் எல்லாம் சுழல்விசிறி கொண்டவை. நின்றுபோன விசிறி எதையும் தடுத்து நிறுத்தாது, அதன் இடுக்குகள் வழியே தண்ணீர் தாராளமாகப் பின்னோக்கிச் செல்லும். குழாயின் மேல்வாய் தொட்டி நீருக்குள் மூழ்கியிருந்தால், இறங்கும் நீர் பின்னால் வரும் நீரையும் இழுத்துக்கொண்டு வருவதால் சைஃபன் உண்டாகி, அந்த வாய் காற்றில் வெளிப்படும்வரை ஓட்டம் நிற்காது. இதே நேரத்தில், மேல் தொட்டியில் மிகும் நீரைச் சம்புக்கு வழியவிடும் ஓவர்ஃப்ளோ பெட்டி வழியாகவும் தண்ணீர் இறங்கும். ஆனால் அதன் சீப்புப் பற்களின் அடிமட்டம் வந்ததும் அது தானாக நின்றுவிடும். ஆகவே ஓவர்ஃப்ளோவுக்கு இயற்கையாகவே ஓர் எல்லை உண்டு. ரிட்டர்ன் குழாய்க்கு எல்லையை நாம்தான் வகுக்க வேண்டும்.

இப்போது நண்பரின் அளவுகளை எடுத்துக்கொள்வோம். மேல் தொட்டியின் பரப்பு 120 × 45, அதாவது 5,400 சதுர செ.மீ.; எனவே நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் கீழே வரும். குழாய் வாய் 12 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் 64.8 லிட்டர் இறங்கும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் இதில் ஒரு பொருட்டே அல்ல; 22 மி.மீ. உள்விட்டமுள்ள இரண்டு மீட்டர் குழாயில் முக்கால் லிட்டர்தான் இருக்கும். சம்பின் பரப்பு 2,625 சதுர செ.மீ. தடுப்புக் கண்ணாடிக்கு மேலே விளிம்புவரை உள்ள 13 செ.மீ. இடத்தில் 34 லிட்டர் கொள்ளும். பம்ப் அறையில் நீர்மட்டத்துக்கும் தடுப்பின் உச்சிக்கும் இடையே உள்ள 4 செ.மீ. இடத்தில் ஏறத்தாழ 3 லிட்டர் கொள்ளும். ஆக 37 லிட்டர் இடத்துக்குள் 65 லிட்டர் வருகிறது. மீதி 28 லிட்டர் தரைக்குத்தான் போக வேண்டும். அவர் சொன்ன இரண்டு வாளிக்கு இது அப்படியே ஒத்துப்போகிறது. எனவே எங்கோ கசிவு, ஏதோ ஒட்டு விட்டுப்போயிற்று என்று தேட வேண்டியதில்லை. அமைப்பு அதன் கணக்குப்படியே வழிந்திருக்கிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் தீர்வும் கிடைத்துவிடும். சம்பின் விளிம்புக்குக் கீழே 2 செ.மீ. இடத்தைக் காப்பாக விட்டால் எஞ்சுவது 31 லிட்டருக்குச் சற்று மேல். கண்ணாடித் தடிமன், பம்ப், ஹீட்டர், வடிகட்டிப் பொருள்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து, கைக்கு 28 லிட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அதில் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருந்து வருவதற்கு 3 லிட்டர் ஒதுக்கினால், மேல் தொட்டியிலிருந்து 25 லிட்டர்வரை வாங்கலாம். அதாவது நீர்மட்டம் அதிகபட்சம் நான்கரை செ.மீ. இறங்கலாம். ஆகவே முதல் வேலை, குழாய் வாயை 12 செ.மீ. ஆழத்திலிருந்து 4 செ.மீ. ஆழத்துக்குத் தூக்குவது. இது ஒன்றைச் செய்துவிட்டாலே, வேறு எந்தக் காப்பும் இல்லாவிட்டாலும், வால்வு பழுதானாலும், வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் தரை நனையாது. எனக்கு இதில் சிறிதும் ஐயம் இல்லை. நகரும் பாகமே இல்லாத ஒரு காப்பு பழுதாவதற்கு வழியில்லை. சம்புக்குத் தடுப்புக் கண்ணாடி ஒட்டுகிறவர்கள் பலர் தடுப்பை எவ்வளவு உயரமாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தடுப்பு உயர உயர, மின்தடையில் வரும் நீருக்கான இடம் குறைந்துகொண்டே போகிறது.

குழாய் வாயை மேலே தூக்கினால் தொட்டியின் அடிப்பகுதியில் நீரோட்டம் இருக்காதே, மீன்கழிவு தேங்குமே என்பது நியாயமான கவலை. அதற்காகவே பலர் குழாயை ஆழமாக இறக்குகிறார்கள். வாயை மேலே வைத்து, முனையில் ஓர் எல்போவோ திருப்பக்கூடிய நாசிலோ பொருத்தி, ஓட்டத்தைச் சாய்வாகக் கீழ்நோக்கித் திருப்பினால் பெரும்பகுதி சரியாகிவிடும். நாசிலின் முனை எவ்வளவு ஆழத்தில் முடிகிறதோ அதுவே கணக்குக்கு உரிய ஆழம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதற்கும் மேல் ஓட்டம் வேண்டுமென்றால் தொட்டிக்குள் தனியாக ஒரு சிறிய நீரோட்ட பம்ப் வைத்துக்கொள்வது மேல். தண்ணீரை மேலே ஏற்றும் வேலையையும் அடிமட்டத்தைக் கலக்கும் வேலையையும் ஒரே குழாயிடம் ஒப்படைப்பதில்தான் இந்தச் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டாவது காப்பு, சைஃபனை முறிக்கும் துளை. தொட்டிக்குள் இறங்கும் குழாய்ப் பகுதியில், ஓடும்போதுள்ள நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 1.5 செ.மீ. கீழே ஒரு துளை இட வேண்டும். பம்ப் ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீறிடும். நீருக்குள்ளேயே பீறிடுவதால் சத்தமோ தெறிப்போ இராது. பம்ப் நின்று நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே நுழைந்து, குழாயின் மேல் வளைவில் சேர்ந்து, சைஃபனை அறுத்துவிடும். நீர்மட்டம் துளையை விட்டு நன்றாக விலகுவதற்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும் என்பதால், 3 செ.மீ. இறங்கும் என்று கணக்கிட்டால்கூட 16 லிட்டர்தான் வரும். சம்ப் உள்ள தொட்டியில் நீராவியாகக் குறைவது சம்பில்தான் தெரியும், மேல் தொட்டியின் மட்டம் ஓவர்ஃப்ளோவால் மாறாமல் நிற்கும் என்பதால், நாள்படத் துளை மட்டத்துக்கு மேலே வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

துளையின் அளவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். இங்கே என்னால் அனுபவத்தை மட்டுமே சொல்ல முடியும், விதி என்று எதையும் சொல்ல முடியாது. 25 மி.மீ. குழாய்க்கு நான் 6 மி.மீ. இடுகிறேன். 2 அல்லது 3 மி.மீ. துளை போதும் என்பவர்களின் தொட்டிகளில் இரண்டு வகைத் தொல்லை பார்த்திருக்கிறேன். ஒன்று, பின்னோட்டம் வேகமாக இருக்கும்போது சிறு துளை வழியே வரும் காற்று, வளைவில் தங்காமல் குமிழிகளாக நீரோடு இழுபட்டுக் கீழே போய்விடும். குழாய் களகளவென்று சத்தம் போடும், ஓட்டம் குறையும், ஆனால் நிற்காது. மற்றொன்று அடைப்பு. வெளிச்சம் படும் இடத்தில் இருக்கும் துளையில் பாசி படியும். குட்டி நத்தை ஒன்று வந்து உட்கார்ந்தால்கூடப் போதும். ஆகவே பெரிய துளையாக இடுவதும், எதிர்ப்பக்கத்தில் அதே மட்டத்தில் இன்னொன்று இடுவதும், கண்ணாடி துடைக்கும் நாளில் ஒரு பல்குத்தும் குச்சியால் இரண்டையும் குத்திவிடுவதும் நல்லது. குழாய் மேலே இரண்டாகப் பிரிந்து இரு வாய்களோடு முடிந்தால், ஒவ்வொரு கிளையிலும் துளை வேண்டும்.

குழாயைத் தொட்டிக்கு மேலே உயரமாக வளைத்துக் கொண்டுபோய் இறக்கினால் தண்ணீர் திரும்பாது என்று ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. அது தவறு. காற்று நுழைய வழியில்லாத வளைவு எவ்வளவு உயரமாக இருந்தாலும், ஒருமுறை நீரால் நிறைந்துவிட்டால் சைஃபன் நடக்கும். அதற்கு எல்லை வளிமண்டல அழுத்தம் தாங்கும் உயரம் மட்டுமே: கடல் மட்டத்தில் ஏறத்தாழ 10 மீட்டர், 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் 8 மீட்டருக்குச் சற்று மேல். மலையில் அந்த எல்லை குறைவு என்பது உண்மைதான். ஆனால் யாரும் மீன்தொட்டிக் குழாயை மூன்றாம் மாடிவரை ஏற்றி இறக்கப் போவதில்லை. வளைவின் உச்சியில் துளை இட்டால் அது வேலை செய்யும், அதுவே காற்று நுழைய மிகச் சரியான இடமும்கூட. பம்ப் ஓடும்போது அங்கிருந்து தண்ணீர் சுவரில் பீறிடாதபடி சிறு குழாய் ஒன்றைப் பொருத்தித் தொட்டிக்குள் திருப்ப வேண்டியிருக்கும் என்பதால்தான் நீர்மட்டத்துத் துளையை முதலில் சொன்னேன். அந்தச் சிறு குழாயின் முனையும் நீருக்கு மேலேயே முடிய வேண்டும்.

இனி என்.ஆர்.வி.க்கு வருகிறேன். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டுமே நம்ப வேண்டாம் என்கிறேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.ஆர்.வி.கள் பெரும்பாலும் கிணறு, போர்வெல், மாடித்தொட்டி போன்ற இடங்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே வால்வின் மேல் பல மீட்டர் உயர நீரின் அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தமே உள்ளிருக்கும் மடலை ரப்பர் வளையத்தின் மேல் அழுத்தி இறுக மூடுகிறது. உங்கள் கேபினெட்டில் வால்வுக்கு மேலே இருப்பது 80 செ.மீ. அளவு நீர்தான், 22 மி.மீ. வட்டத்தின் மேல் அது தரும் அழுத்தம் ஏறத்தாழ 300 கிராம் எடைக்குச் சமம். அவ்வளவு மென்மையாக மூடும் மடலுக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு மணல் துணுக்கோ, ஓர் இழைப் பாசியோ, வழவழப்பான கசடோ சிக்கினால் போதும், வால்வு முழுமையாக மூடாது. ஸ்பிரிங் வைத்த வகை இதைவிட நன்றாக மூடும். ஆனால் அந்த ஸ்பிரிங்கைத் திறப்பதற்கே பம்ப் தன் வலுவில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும், மேலே வரும் ஓட்டம் குறையும்.

முழுமையாக மூடாத வால்வு எவ்வளவு கேடு செய்யும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நிமிடத்துக்கு 100 மில்லி என்பது கண்ணுக்கு நூலிழை போன்ற கசிவு. மணிக்கு அது 6 லிட்டர், பத்து மணி நேரத்தில் 60 லிட்டர். சமவெளியில் அரை மணி நேரத்தில் மின்சாரம் திரும்பிவிட்டால் இந்தக் கசிவு யாருக்கும் தெரியாமலே போய்விடும். நம் மலையில், வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் போவது புதிதல்ல. ஆகவே கடையில் ஊதிப் பார்த்து வாங்கிய வால்வு முதல் மாதத்தில் நன்றாக மூடியது என்பதை வைத்து நவம்பர் மாத இரவுக்குச் சான்று சொல்ல முடியாது. எத்தனை மாதம் தாங்கும் என்பது தண்ணீரில் உள்ள கசடையும், பம்புக்கு முன் பஞ்சு வைத்திருக்கிறீர்களா என்பதையும் பொறுத்தது. தொட்டியைப் பார்க்காமல் நான் ஒரு கெடு சொல்வது பொருந்தாது. இங்கே ஓடை நீரும் ஊற்று நீரும் பெரும்பாலும் மென்நீராக இருப்பதால் சுண்ணாம்புப் படிவு அதிகம் இராது. மழைக்காலக் கலங்கலும் வண்டலும்தான் வால்வின் எதிரி.

இரண்டு வால்வு போடலாமா என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. ஒரே தண்ணீர், ஒரே கசடு, ஒரே அளவு அழுத்தம்; ஒன்று மூடாமல் போகும் காரணமே மற்றதையும் மூடவிடாது. கூடுதலாக ஓட்டமும் குறையும். ஒன்று போடுங்கள், அதன் இரு பக்கமும் யூனியன் வைத்து, கழற்றிக் கழுவ முடிகிறபடி போடுங்கள். மடல் வகை என்றால் கிடையாகவோ, மேல்நோக்கி ஏறும் குழாயில் நேராகவோ, அம்புக்குறி பார்த்துப் பொருத்த வேண்டும். பி.வி.சி. வால்வே வாங்க வேண்டும். பித்தளையில் செம்பு இருப்பதால், இறால், நத்தை வளர்க்கும் தொட்டிக்கும் கடல் தொட்டிக்கும் அது ஆகாது. வால்வு நன்றாக மூடும் நாள்களில் சம்பில் மட்டம் அதிகம் ஏறி இறங்காது, கசடு கலங்காது, பம்ப் மறுபடி தொடங்கும்போது காற்றுக் குமிழி வராது. இந்த வசதிகளுக்காக அதை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் பொருத்திய பிறகு தண்ணீர் நிரப்பும் முறையும் முக்கியம். பலர் பம்பை ஓடவிட்டு, சம்பில் தேவையான மட்டம் வரும்வரை ஊற்றுகிறார்கள். மின்சாரம் போகும்போதுதான் அது அதிகம் என்று தெரியும். வரிசையை மாற்றுங்கள். மேல் தொட்டியை நிரப்பி, பம்பை ஒருமுறை ஓட்டி நிறுத்தி, என்.ஆர்.வி.யின் மடலைக் கழற்றி, துளைகளை டேப்பால் ஒட்டி, குழாய் வாய் வெளிப்பட்டு ஓட்டம் முற்றிலும் நின்ற நிலையில், சம்பை விளிம்புக்கு 2 செ.மீ. கீழேவரை நிரப்புங்கள். பிறகு பம்பை ஓட்டினால் கடைசி அறையில் எங்கே மட்டம் நிற்கிறதோ, அங்கே வெளிக்கண்ணாடியில் அழியாத மையால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஒருபோதும் நிரப்பக் கூடாது. அந்த மட்டம் உங்கள் பம்புக்குத் தேவையானதைவிட உயரமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். சோதிக்கும்போதும் மடலும் துளைகளும் அப்படியே இருக்க, பம்பை நிறுத்திப் பாருங்கள். குழாய் வாய் மட்டும் காப்பாக இருக்கும் அந்த நிலையிலும் சம்ப் வழியவில்லை என்றால்தான் அமைப்பு சரி. உங்கள் அளவுக்குச் சில நிமிடங்களில் இது முடிந்துவிடும். அவ்வளவு நேரமும் கையில் வாளியோடு பக்கத்திலேயே இருங்கள்.

இதற்கு நேரெதிரான ஆபத்தையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்: ஓவர்ஃப்ளோவில் இலையோ நத்தையோ அடைத்துக்கொண்டால் பம்ப் அறையில் உள்ள நீர் முழுவதும் மேலே போகும். உங்கள் அறையில் அது 12.6 லிட்டர், மேல் தொட்டியில் 2.3 செ.மீ. ஏற்றம், ஆகவே மேலே விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. இடம் எப்போதும் இருக்கட்டும்.

இன்வெர்ட்டர் இருப்பதால் இதெல்லாம் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். பிளக் தளர்ந்தாலும், பம்பின் விசிறியில் கல் சிக்கினாலும், வேகத்தை மாற்றக்கூடிய டி.சி. பம்பில், மீனுக்கு உணவிடும்போது சற்று நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தினாலும் இதே பின்னோட்டம்தான். டி.சி. பம்பின் வேகத்தை மிகவும் குறைத்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நீரை மேலே தள்ள வலுவின்றிப் பின்னோட்டம் தொடங்குவதும் உண்டு. இப்படிப் பம்ப் மட்டும் நின்று மின்சாரம் இருக்கும் நிலை மலைவாசிகளுக்கு இன்னொரு வகையில் ஆபத்தானது: நம் வீடுகளில் வெப்பமண்டல மீன்களுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது, ஹீட்டர் மேல் தொட்டியில் இருந்து, நீர் இறங்கி அதன் பாதி காற்றில் நின்றால் கண்ணாடிக் குழல் வெடித்துவிடக்கூடும். ஹீட்டரைக் கிடையாக, குழாய் வாய்க்கு வெகு கீழே பொருத்துவது இதைத் தவிர்க்கும். மின்தடை நேரத்துக்கு பேட்டரி ஏரேட்டர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி நீரில் கடல் மட்டத்தில் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், குன்னூர் உயரத்தில் ஆறரை மி.கி. அளவுதான் கரையும், எனவே மின்சாரம் இல்லாமல் மீன்கள் தாங்கும் நேரம் இங்கே குறைவு.

கேபினெட்டுக்குள் தரையில் எக்ஸ்டென்ஷன் போர்டு கிடந்தால் அதை இன்றே மேலே ஏற்றி, சம்பின் விளிம்பைவிட உயரத்தில் பக்கப் பலகையில் அறைந்துவிடுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், ஒயர் வழியே வடியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். மீன்தொட்டியைவிட இது முக்கியம்.

சைஃபன் என்று பேசும்போது, கேட்கப்படாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தண்ணீர் மாற்றும் நாளில் தெருக்குழாய் இணைப்பிலிருந்து ஓஸ் போட்டு அதன் முனையைத் தொட்டிக்குள் மூழ்கவிட்டுப் போய்விடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக இருக்கும் நம் ஊர்களில், குடிநீர் விடும் நேரம் முடிந்து அழுத்தம் போனதும், கீழ்வீட்டார் குழாயைத் திறந்தால் உங்கள் மீன்தொட்டி நீர் அவர்கள் குடத்துக்குப் போகக்கூடும். ஓஸ் முனை நீர்மட்டத்துக்குச் சில விரற்கடை மேலேயே நிற்கும்படி கட்டி வைக்க வேண்டும். தானாக நீர் சேர்க்கும் கருவியின் மெல்லிய குழாய்க்கும் இதுவே பொருந்தும்: நீர் சேமித்த டப்பா சம்பின் மட்டத்தைவிட உயரத்தில் இருந்து, குழாய் முனை சம்பில் மூழ்கியிருந்தால், கருவி நின்ற பிறகும் டப்பா முழுவதும் சம்புக்குள் வந்து, நாம் இவ்வளவு கணக்குப் போட்டு விட்ட இடத்தை நிரப்பிவிடும்.

குழாயை மாற்றி ஒட்டும்போது, இந்தக் குளிரிலும் ஈரத்திலும் பி.வி.சி. சொல்யூஷன் சமவெளியில் போல விரைவாகக் காயாது. ஒட்டு வெளியே இறுகியது போலத் தெரிந்தாலும், ஒரு முழுநாள் கழித்தே பம்பை ஓட்டுங்கள். மழை விடாத வாரமாக இருந்தால் இரண்டு நாள் விடுங்கள். அதுவரை மீன்களுக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வாழும் சம்பின் பயோ மீடியா காயாமல் இருக்க அதையும் ஏரேட்டரோடு தொட்டி நீருக்குள்ளேயே போட்டு வைப்பதும் போதும்.